வெறுஞ்சாயாத் தோட்டம்

கட்டின புருஷன் பேரை நான் சொல்லமாட்டேன். பிரான்ஸ் ராஜா லூயி பேரைச் சொல்ல எனக்கென்ன தடை? அந்த மனுஷன்தான் என் பிழைப்பில் மண்ணைப் போட்டான்.

என் வீட்டுக்காரர் 1931-இல் பாரிஸ் பொருட்காட்சி பார்க்கக் கப்பலேறினார். திரும்பி வந்தபின் பொருட்காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெர்சாய், வெர்சாய் என்று ஒரே பிடி. வேட்டைக்கு வந்தால் தங்குவதற்கு லூயியின் அப்பா கட்டிய சின்ன வீடாம் அது. மகன் அதை ஊரளவு அரண்மனையாக்கினானாம். ஒரு கூடம் முழுக்கக் கண்ணாடி, வெள்ளித் தொட்டியில் ஆரஞ்சு மரம், தோட்டத்தில் எங்கே திரும்பினாலும் வானத்துக்குப் பீய்ச்சும் நீரூற்று.

“ஆத்துல ராட்சசச் சக்கரம் வச்சு மேட்டுக்குத் தண்ணி ஏத்தியிருக்கான், ஏட்டி. அப்பவும் பத்தல. ராஜா வரும்போது தோட்டக்காரன் சீட்டி அடிப்பான், குழாயைத் திறப்பாங்க. அவரு அந்தப் பக்கம் போனதும் மூடிருவாங்க.”

“அம்புட்டுப் பெரிய ராஜாவுக்கே தண்ணி பத்தலைன்னா, நமக்கு எதுக்கு இந்தக் கூத்து?” என்றேன். அவர் காதில் ஏறவில்லை.

எங்கள் குற்றாலத்துச் சீசன் பங்களாவில் வேலை ஆரம்பித்தது. ஓர் அறை நிறையப் பெல்ஜியம் கண்ணாடி. சேலையைச் சரிசெய்ய நான் கையைத் தூக்கினால் கண்ணாடிக்குள் ஏழெட்டு ஆவுடைத்தாய்கள் கையைத் தூக்கினார்கள். செடிகளைச் சதுரமும் வட்டமுமாக வெட்டினார்கள். நடுவில் சலவைக்கல் தொட்டி, அதில் நீரூற்று. பின்னால் ஓடும் வாய்க்காலை மறித்து, ஆயில் எஞ்சினால் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். கீழே தென்காசிப் பக்கம் என் சீதன வயலுக்குப் பாய வேண்டிய தண்ணீர் அது.

அந்த வருஷம் பார்த்துச் சாரல் பொய்த்தது. ஆனி முடிந்தும் அருவியில் பாறைதான் தெரிந்தது. வாய்க்காலில் கசிந்து வந்த கொஞ்சத் தண்ணீரும் மேல்தொட்டிக்கே போனது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் மாடன் வந்து நின்றான்.

“ஆச்சி, நட்ட வயலு வெடிச்சிட்டு. பண்ணையாரு வெறுஞ்சாயாத் தோட்டம் போடுதாராமே. சாயாவுக்கு இம்புட்டுத் தண்ணியா வேணும்?”

செங்கோட்டைப் பக்கம் டீயைச் சாயா என்பார்கள். பால் விடாதது வெறுஞ்சாயா. வெர்சாய் அவன் காதில் அப்படி விழுந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. வெடித்தது என் வயல் என்பது அப்புறம்தான் உறைத்தது. நேரே அவரிடம் போனேன்.

“எங்கம்மை குடுத்த வயலு. மறிப்பை எடுங்க.”

“ஞாயித்துக்கிழமை நம்ம ரிட்டயர்டு ஜட்ஜ் வாராரு. அவரு பாத்து மெச்சிட்டாருன்னா நீரூத்து சீசன் முழுக்க ஓடணும்.”

“நாத்து?”

“ரெண்டு நாத்து காஞ்சா குடியா முழுகிரும்?”

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தலை நிறைய எண்ணெயோடு அருவிக்குப் போன ஜனம், நனையக்கூடத் தண்ணீரில்லாமல் எங்கள் பங்களா வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து நீரூற்று மாடி உயரத்துக்கு எழும்பியது.

“ஏலே, இங்கன விழுதுலே!” என்று ஒருத்தன் கத்தினான்.

காவல்காரன் பேச்சிமுத்து கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். “திற” என்றேன். மறிப்பை எடுக்க வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

குற்றாலத்தில் உயரத்திலிருந்து தண்ணீர் விழுந்தால் அது குளிக்கத்தான். பார்க்க மட்டும் ஒரு தண்ணீர் உண்டென்று அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. துண்டும் சீயக்காயுமாக உள்ளே புகுந்தார்கள். “பொம்பளையளுக்கு எந்தப் பக்கம்?” என்று ஒருத்தி என் வீட்டுக்காரரிடமே கேட்டாள்.

“ஏலே, இது குளிக்கதுக்கு இல்லலே!” என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார்.

எண்ணெய் வழிய ஜட்ஜும் துண்டோடு வந்துவிட்டார். “அருவியைத் தோட்டத்துக்கே கொண்டாந்துட்டீரே, பண்ணையாரே, பலே!” என்று தொட்டிக்குள் இறங்கினார்.

மாலைக்குள் குழாயிலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கும் சீயக்காயும் அடைத்துக்கொண்டன. எஞ்சினை நிறுத்தச் சொன்னது என் வீட்டுக்காரர்தான். மாடன் ஓடிப்போய் மறிப்பை வெட்டிவிட்டான்.

மறுநாள் வயலுக்குப் போனேன். அவரும் பின்னாலேயே வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வரப்பை அவர் மிதித்ததில்லை. மேல்வயலில் நாற்று தலை நிமிர்ந்திருந்தது. கீழ்வயலில் வெடிப்பெல்லாம் தண்ணீர் நிறைந்தும் பயிர் வைக்கோலாகவே நின்றது.

“இது பிழைக்குமாலே?” என்று மாடனிடம் கேட்டார்.

“இல்ல சாமி. செத்துப் போச்சு.”

வேலையாட்கள் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன். அவர் ஒரு குத்து நாற்றைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“உங்கம்மைக்கு நான் என்னட்டி பதில் சொல்லுவேன்?”

“எங்கம்மைக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்குச் சொல்லுங்க.”

அவர் குனிந்து, கையிலிருந்த செத்த குத்தைப் பிடுங்கின இடத்திலேயே நட்டார்.