தெர்மாகோல் ஓடை

ஓடைக் கரையில் தையல் கடை வைத்திருந்த அக்காவைத் தெருக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு அழைத்தபோது, அது பெரிய கௌரவம் என்றார் செயலாளர். போன பிறகுதான் கௌரவம் எப்படிப்பட்டது என்று அவளுக்குப் புரிந்தது. மேஜை மேல் தெர்மாகோலில் ஓடையையும் தெருவையும் செய்து வைத்திருந்தார்கள். கரையோரம் சிவப்புச் சாயம் பூசிய ஒரு தீப்பெட்டி. அதுதான் அவள் கடை.

"சிவப்புன்னா என்னங்க சார்?"

"எடுக்க வேண்டியதும்மா" என்றார் தலைவர், பல் பிடுங்கும் மருத்துவரின் கனிவோடு.

தலைவர் எங்கோ பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மழைக்கு மழை தெருவுக்குள் வரும் ஓடையை அடக்கும் வழிகளை ஆராய இதுவரை பத்தொன்பது கூட்டம் போட்டிருந்தார். இடையில் இரண்டு வெள்ளம் வந்து போயின. ஆய்வு முடியட்டும் என்று அவை காத்திருக்கவில்லை.

கடைசியில் நான்கு வழிகளுக்கு மார்க் போட்டார்கள். கரைச்சுவருக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று. தூர் வாருவதற்கு முப்பத்தெட்டு. குட்டை வெட்டுவது ஃபெயில். ஓடையை மறிக்கிறது என்று தையல் கடையை எடுப்பதற்குத் தொண்ணூற்றிரண்டு. பள்ளிக்கூடத்தில்கூட அக்கா இவ்வளவு மார்க் பார்த்ததில்லை.

"என் கடை கரை மேல இருக்கு சார். தண்ணி வந்தா மெஷினைத் தூக்கி மேஜை மேல வச்சுட்டு நிக்கிறவளே நான்தான். நான் எங்க போய் அதை மறிச்சேன்? கடை போச்சுன்னா நான் எங்க உக்காந்து தைக்கிறது?"

"சொந்தக் கஷ்டத்தைப் பொது விஷயத்துல கலக்கக் கூடாதும்மா."

மாதிரியைச் செய்தவர் தலைவரின் மாப்பிள்ளை, பொறியாளர். கல்யாணமாகி ஆறு மாதம். மாமனார் மெச்ச வேண்டுமே என்று அவர் வீட்டு மாடித் தொட்டியைக்கூட விடவில்லை. மாமனாரின் கார் வாசலுக்கு வர ஓடையின் குறுக்கே கட்டிய கான்கிரீட் பாலமும் இருந்தது. அதன் மேல் நகமளவு கார்.

"அளவெல்லாம் அச்சு அசல், மாமா."

தலைவர் அந்தக் காரை எல்லோருக்கும் இரண்டு முறை காட்டினார்.

மாப்பிள்ளை ஜக்கிலிருந்து தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் சமர்த்தாக ஓடி வந்து பாலத்தடியில் முட்டி நின்றது. ஏறியது. தெருவுக்குள் புகுந்தது. தீப்பெட்டி மிதந்து, மேஜை விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தது. தண்ணீர் அப்போதும் வடியவில்லை.

அக்கா தீப்பெட்டியைப் பொறுக்கினாள். "கடையைத்தான் எடுத்தாச்சே சார். இன்னும் ஏன் ஏறுது?"

பதில் வருவதற்குள் வெள்ளம் மேஜையிலிருந்து தலைவரின் மடிக்கு இறங்கிவிட்டது. அவர் துள்ளி எழுந்தார். "பாலத்தை எடுங்க மாப்பிள்ளை! சீக்கிரம்! அதுதான் அடைக்குது!"

மாப்பிள்ளை பிடுங்கினார். தண்ணீர் மடமடவென்று வடிந்து, மறுமுனையில் வைத்திருந்த வாளிக்குள் போய் அடங்கியது.

செயலாளரின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. தலைவர் பேச்சில் ஒரு சொல் விடாமல் குறிப்பேட்டில் ஏற வேண்டும் என்பது சங்கத்தின் விதி. தன் வரவேற்புரையை யாரோ ஒரு முறை சுருக்கி எழுதிய கோபத்தில் தலைவரே போட்டது.

"ஐந்தாவது வழி, பாலத்தை எடுப்பது" என்று செயலாளர் படித்தார். "முன்மொழிந்தவர் தலைவர். காரணம், அதுதான் அடைக்குது."

"யோவ், இது வெறும் பொம்மைய்யா!"

மாப்பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. "பொம்மையா? மூணு வாரம் ஸ்கேல் வச்சு அளந்தேன் மாமா. ஒரு நூல் பிசகாது."

தலைவரின் கண் மாப்பிள்ளை மேல் நிலைத்தது. ஐந்தாவது வழிக்கு ஆதரவாக மற்றவர்களின் கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின.

அக்கா ஒரு வெட்டுத் துணியால் தீப்பெட்டியை ஒற்றித் துடைத்து, கரையில் அதன் இடத்திலேயே வைத்தாள். பிறகு பாலத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்த மாப்பிள்ளையிடம் மரியாதையாகக் கேட்டாள்:

"தம்பி, அந்தச் சிவப்புச் சாயம் மிச்சம் இருக்கா?"