ஜன்னல் திறக்கும் வண்டி

2025 நவம்பர் 12, புதன்

இன்று காலை ஒரு சிறு தவறு செய்தேன். எங்கள் கன்டெய்னர் யார்டில் சோதனைக்கு ஓடும் இரண்டு தானியங்கி டிரெய்லர்களையும் ஓடிய நேரத்தை வைத்து ஒப்பிட்டுவிட்டேன். தூரத்தை வைத்து ஒப்பிட்டிருக்க வேண்டும். மாலை வகுப்பில் புள்ளியியல் படிக்கிறவள் செய்யக்கூடாதது. திருத்தினேன். முடிவு மாறவில்லை. நூறு கிலோமீட்டருக்கு, வெள்ளை வண்டியில் ஆபத்து வந்தால் நிறுத்தக் காவலுக்கு உட்காருகிறவர் ஒன்பது முறை பிரேக் பொத்தானை அமுக்கியிருக்கிறார். மஞ்சளில் இரண்டே முறை. மஞ்சள்தான் பாதுகாப்பானது என்று எழுதி, கையெழுத்திட்டு, திருத்தியதையும் சொல்லி, மேலாளர் நேசக்குமார் சாரிடம் கொடுத்தேன். எது பாதுகாப்பானதோ அதிலிருந்து காவல் ஆளை இறக்கிவிடுவார்கள்.

ஆனாலும் மனது கேட்கவில்லை. மாலை நான்கு மணிக்கு மஞ்சள் வண்டியில் ஏறி, அதன் காவல் ஆள் ஜாய்சன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வளைவில், யார்டைக் கூட்டும் பெண்கள் டீ குடிக்கக் குறுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். வண்டி வேகம் குறையவில்லை. அண்ணன் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"ஏளா சுடலைமாடத்தி! சாவணும்னா வீட்ல போய்ச் சாவு. தள்ளு!"

"ஒன் வண்டிக்குக் கண்ணு அவிஞ்சி போச்சாலே?" அவள் திட்டிக்கொண்டே ஒதுங்கினாள். டயர் அவள் சேலையை உரசுவதுபோல் போனது.

"பிரேக்க ஏன் அமுக்கலண்ணே?"

"அமுக்குனா வண்டி நின்னுரும். எஞ்சினியர் வந்துதான் எடுக்கணும். அதுவரைக்கும் கிரேன்காரன் மைக்குல என் அப்பன் ஆத்தாள இழுப்பான். ஒரு சத்தம் போட்டா சோலி முடிஞ்சிச்சு."

"வெள்ளை வண்டியில உக்கார்ற பெவின் மட்டும் அமுக்குறாரே?"

"அவன் எங்கன கத்துவான்? அதுல கண்ணாடி எறங்காதுல்லா. ஏசியில உக்காந்து அமுக்குதான்."

ஜாய்சன் அண்ணனின் கத்தல் ஒன்றுகூட என் கணக்கில் இல்லை. மேலாளர் அறைக்கு ஓடினேன்.

"மெயில் போயாச்சும்மா. நாளைக்கு முதல் ஷிஃப்டுல இருந்து மஞ்சள்ல ஆள் கிடையாது."

"சார், அவரு கத்துறதாலதான் யாரும் அடிபடல."

"கத்துறத எந்தக் கட்டத்துல போடுவ? நீதான கையெழுத்துப் போட்ட?"

"அது தப்பு சார்."

"காலையில ஒரு தப்பு, சாயங்காலம் ஒரு தப்பு. நாளைக்கு மூணாவதோட வருவ. போம்மா."

கூட்டும் பெண்களை எச்சரிக்க வளைவுக்குத் திரும்பினேன். அவர்கள் வேலை முடிந்து முத்தையாபுரம் பஸ்ஸில் போயிருந்தார்கள். யாருடைய போன் நம்பரும் என்னிடம் இல்லை. வகுப்பில் நடத்தியது எதுவும் காதில் ஏறவில்லை.

நாளை: முதல் ஷிஃப்டுக்கு முன்னால் வளைவில் போய் நிற்க வேண்டும். மஞ்சள் வண்டி வரும்போதெல்லாம் கத்த வேண்டும். எத்தனை முறை கத்தினேன் என்று குறித்துக்கொள்ள வேண்டும்.