விருந்தாளி பட்டன்

வடமேற்கு மாவட்டங்களில் இளைஞர்கள் யாருமே தனியாக டிவி பார்ப்பதில்லை. நெவெனாவின் கண்ணில் இது பட்டது டிசம்பர் முதல் வாரத்து வெள்ளிக்கிழமை. அதற்கு மேல் அவளால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து அதே அட்டவணையைப் பார்த்தாள். மறுபடி எழுந்தாள்.

தலைநகர் சோஃபியாவில் டிராம் சாலையை ஒட்டிய கட்டடம் ஒன்றின் ஐந்தாம் மாடியில் அவளுக்கு வேலை. நாட்டில் யார் எந்த சேனல் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் நிறுவனம் அது. இயற்பியல் படித்துவிட்டு வந்து சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. தேர்ந்தெடுத்த வீடுகளில் டிவியோடு ஒரு மீட்டர் இருக்கும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ரிமோட்டில் ஒரு பட்டன். டிவி முன்னால் உட்காரும்போது அவரவர் பட்டனை அழுத்தி எரியவிட வேண்டும், எழுந்தால் அணைக்க வேண்டும். அதை வைத்துத்தான் அடுத்த வருடம் எந்த நிகழ்ச்சி நிலைக்கும், எது போகும் என்று நிறுவனம் கணித்துச் சொல்லும்.

இந்த வருடம் பத்துக் கணிப்புகள். நான்காவது அவளுடையது: ‘இளைஞர்கள் டிவிக்குத் திரும்புகிறார்கள்.’ ஞாயிறு மாலைப் பாட்டுப் போட்டியைப் பார்க்கும் இளைஞர் கூட்டம் கோடைக்குப் பிறகு வடமேற்கில் இரண்டு மடங்காகியிருந்தது. இளைஞர்கள் டிவியை விட்டுப் போகிறார்கள், போகிறார்கள் என்று வருடாவருடம் சொல்லிச் சலித்துப்போயிருந்த மேலாளர் கால்செவ் இதைக் கேட்டதும் சந்தோஷத்தில் மேசையைத் தட்டினார். வருகிற வியாழக்கிழமை சேனல் தலைவர்களை அழைத்து எல்லாவற்றையும் அறிவிக்கப் போகிறார். நான்காவதின் கீழே நெவெனாவின் பெயர் இருக்கும். ஜனவரியிலிருந்து வேலையும் நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்.

இப்போது பார்த்தால், அந்த இளைஞர்களின் பட்டன் அம்மாவின் பட்டன் எரிந்த இரண்டாவது விநாடியில் எரிகிறது. அம்மா எழுந்தால் அதுவும் அணைகிறது. பாட்டுப் போட்டி தவிர வேறெதற்கும் எரிவதில்லை. விதின் நகரத்தில் இருபத்து நான்கு வயதுப் பையன் ஒருவன் நான்கு மாதமாக ஒருமுறைகூட சேனல் மாற்றவில்லை.

பக்கத்து மேசை பொஜிதாரிடம் காட்டினாள்.

“நல்ல புள்ளைங்க, அம்மா பேச்சக் கேக்குதுங்க. உனக்கென்ன வயித்தெரிச்சல், விஞ்ஞானி?” என்றான் அவன்.

ஞாயிறு மாலை அவள் அலுவலகத்துக்கு வந்தாள். யாரும் வரச் சொல்லவில்லை. தெரியாதவர்களுக்கு ஃபோன் செய்வதென்றால் அவளுக்கு ஊசி போட்டுக்கொள்வது மாதிரி. கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டாள். ஏழு மணிக்குப் பாட்டுப் போட்டி தொடங்கியது. திரையில் விதின் வீட்டின் இரண்டு பட்டன்கள் எரிந்தன: ரூமியானா, ஐம்பத்தைந்து, அசென், இருபத்து நான்கு. பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள். பிறகு அந்த வீட்டுத் தொலைபேசி எண்ணை அழுத்தினாள்.

மீட்டர் நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொன்னதும் ரூமியானா சந்தோஷமாகவே பேசினாள். ஆமாம், டிவி ஓடுகிறது. ஆமாம், பாட்டுப் போட்டிதான்.

“அசென் இப்ப டிவி முன்னாடி இருக்காருங்களா?”

“இருக்கானே. இதோ, சர்க்கரை டப்பா மேல.”

நெவெனா தாளைப் பார்த்தாள். இதற்குத் தாளில் எதுவும் இல்லை.

“ஸ்டட்கார்ட்ல கிடங்கு வேல கண்ணு. ஆகஸ்ட்ல போனான். ஃபோன டிவி பக்கமா திருப்பி டப்பா மேல சாச்சு வச்சிருக்கேன். அந்த அக்கார்டியன்காரப் பொண்ணு வந்தா அங்கேருந்து விசிலடிக்கிறான். பாக்கறவன்தானே? பாக்கறவங்களுக்குத்தான் பட்டன்னு உங்க ஆளு சொல்லிட்டுப் போனாரு.”

அன்று மாலை இன்னும் பதின்மூன்று வீடுகளுக்குப் பேசினாள். ஒரு வீட்டில் பையன் உண்மையிலேயே சோபாவில் இருந்தான். இரண்டு வீடுகளில் எடுக்கவில்லை. மற்ற பத்திலும் பிள்ளைகள் வெளிநாட்டில், டோர்ட்முண்டில், லீட்ஸில், மலாகாவில் இருந்தார்கள். சிலர் ஃபோன் வழியாகப் பார்த்தார்கள். சிலர் அதுகூட இல்லை. அம்மா பழக்கத்தில் அழுத்திக்கொண்டிருந்தாள். ஓர் அம்மா, பட்டன் எரியாவிட்டால் வீடு இருட்டாக இருக்கிற மாதிரி இருக்கிறது என்றாள்.

திங்கட்கிழமை கால்செவின் அறையில் நின்றபடியே சொன்னாள். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை.

“பட்டன அழுத்தினாங்களா?”

“அழுத்தினாங்க சார். ஆனா பசங்க அழுத்தல. பசங்க ஊர்லயே இல்ல.”

“நம்ம மீட்டருக்கு யார் விரல்னு தெரியாது நெவெனா. பட்டன்தான் தெரியும்.” பத்துக் கணிப்புகளும் அடங்கிய புத்தகம் அச்சுக்குப் போய்விட்டதைச் சொன்னார். ஜனவரியை நினைவுபடுத்தினார். குரலை உயர்த்தவில்லை. “நீ சொன்னது என் காதுல விழல. போய்ச் சீட்டு வேலையப் பாரு.”

சீட்டு வேலை என்பது பனித்சாவுக்கானது. புத்தாண்டு இரவில் வீட்டுக்கு வீடு பனித்சா என்ற பாலாடைக்கட்டி அப்பம் சுட்டு, ‘பயணம்’, ‘காதல்’, ‘ஆரோக்கியம்’ என்று எழுதிய சீட்டுகளை உள்ளே வைப்பார்களே, அதே மாதிரி. கால்செவின் யோசனை: இந்தத் தடவை பத்துக் கணிப்புகளையும் சீட்டாக எழுதி ஒரு பெரிய பனித்சாவில் வைத்து, ஒன்பது சேனல் தலைவர்களும் அவருமாக ஆளுக்கொரு துண்டு எடுப்பது. புதன்கிழமை நாலு மணிக்கு அடுமனையிலிருந்து ஆள் வந்து சீட்டுகளை வாங்கிப்போவார்.

புதன்கிழமை இரண்டு மணிக்கே ஒன்பது சீட்டுகள் தயார். கணினியில் அடித்து, வெட்டி, அலுமினியத் தாளில் சுருட்டிவிட்டாள். நான்காவதை அடித்தாள், அழித்தாள். மாடிப்படியில் ஐந்து மாடி இறங்கி, ஐந்து மாடி ஏறினாள். மூன்றே முக்காலுக்குப் புதிதாக அடித்தாள்: ‘இளைஞர்கள் திரும்பவில்லை. அவர்கள் இல்லாத வீடுகளில் அவர்கள் பட்டன் எரிகிறது.’ கீழே தன் பெயரைப் போட்டாள். அதையும் சுருட்டி மற்றவற்றோடு வைத்தாள்.

வியாழக்கிழமை கூடத்தின் கடைசி வரிசையில், கதவை ஒட்டி நின்றாள். வழக்கப்படி தட்டைச் சுற்றிவிட்டார்கள். எந்தத் துண்டு யார் முன்னால் நிற்கிறதோ அது அவருடையது. கால்செவுக்கு அந்தச் சீட்டு வரப் பத்தில் ஒரு வாய்ப்பு. சேனல் தலைவர்களில் ஒருவருக்கு வரப் பத்தில் ஒன்பது. அதை அவர் சத்தமாகப் படிப்பார். அவள் கணக்கு அதோடு நின்றுவிட்டது.

முதலாவது, ஏழாவது, இரண்டாவது. ஒவ்வொருவராகப் பிரித்துப் படித்தார்கள், கைதட்டினார்கள். துருக்கித் தொடர்கள் குறையும். செய்தி நேரம் நீளும். ஒன்பது பேர் படித்து முடித்தபோது நான்காவது இன்னும் வரவில்லை.

கால்செவ் தன் துண்டிலிருந்து சீட்டை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த பாலாடைக்கட்டியைத் துடைத்தார். படித்தார். மறுபடி படித்தார். கூடம் காத்திருந்தது. புத்தகத்தில் அச்சிட்ட பழைய வாசகத்தை அவர் மனப்பாடமாகவே சொல்லியிருக்கலாம்.

“ஆரோக்கியம்,” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எந்த வீட்டுப் பனித்சாவிலும் இருக்கும் சீட்டு அது. அவர் அதை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு நடந்த உரையில் மூன்றிலிருந்து ஐந்துக்குப் போனார். முன்வரிசை அம்மாள் ஒருவர் புத்தகத்தைப் புரட்டி, நான்காவது இதில் இருக்கிறதே, ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார். இன்னும் சரிபார்க்கிறோம் என்றார் கால்செவ். நெவெனா இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மறுநாள் கூப்பிட்டார். “மூணு மாசம் நீட்டிக்கறேன். நிரந்தரம் இப்ப இல்ல. எழுதினதுக்காக இல்ல. என்கிட்ட சொல்லாம மாத்தினதுக்காக.” பிறகு, விதிப்படி மூன்று மாதத்துக்கு மேல் வீட்டில் இல்லாதவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். ஃபோனும் அவளே செய்ய வேண்டும்.

செய்தாள். ரூமியானாவைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள்.

“அப்ப கிறிஸ்துமசுக்கு அவன் வந்தா?”

“விருந்தாளி பட்டன் ஒண்ணு இருக்குங்கம்மா. வயசப் போட்டு அழுத்தணும்.”

“என் பையன். என் வீட்டுக்கு விருந்தாளி.”

ரூமியானா ஃபோனை வைத்துவிட்டாள். அதன் பிறகு வடமேற்கு இளைஞர்களைக் காட்டும் வரைகோடு ஒரே நாளில் சரிந்தது. அவள் சரியாகத்தான் செய்திருந்தாள். ஆனாலும் அந்த வாரம் முழுக்க மேசைக்கடியில் அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

கிறிஸ்துமசுக்கு முந்தின ஞாயிறு அவளுக்கு முறைப்பணி. ஏழு மணிக்குப் பாட்டுப் போட்டி தொடங்கிச் சில நிமிடத்தில் விதின் வீட்டில் ஒரு விளக்கு கூடுதலாக எரிந்தது. விருந்தாளி, ஆண், இருபத்து நான்கு.

சர்க்கரை டப்பாவாகவும் இருக்கலாம். சரிபார்க்க வேண்டியது அவள் வேலை. தாள் எதுவும் எழுதிக்கொள்ளாமல் எண்ணை அழுத்தினாள்.

எடுத்தது ஓர் ஆண்குரல். வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தது.

“டிவி முன்னாடி இப்ப யார் யார் இருக்கீங்க?”

“அம்மா. அப்புறம் நான்.”

“நீங்க எந்தப் பட்டன்?”

“விருந்தாளி. அதனால பாத்திரம் கழுவ வேணாம்னுட்டாங்க. நேத்துலேருந்து இதே குத்தல்தான்.”

பின்னாலிருந்து ரூமியானாவின் குரல் கேட்டது. “அந்தப் பொண்ணா? ரிமோட் இப்ப என் கையில இல்லன்னு அவகிட்ட சொல்லு.”

நன்றி சொல்லி வைத்தாள். ‘சரி’ என்ற கட்டத்தில் குறி போடப்போனவள் திரையைப் பார்த்தாள். விதின் வீடு பாட்டுப் போட்டியிலிருந்து கால்பந்துக்குத் தாவியிருந்தது. நான்கு மாதத்தில் முதல் தடவை.

பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். ஒரு நிமிடம் கழித்து அது பாட்டுப் போட்டிக்குத் திரும்பியது.