தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது

என் மனைவி ரேணுகாம்பாள் ஆரணி நகராட்சியில் கவுன்சிலர். நான் பட்டு நெய்கிறவன். ஊருக்கு நான் 'கவுன்சிலர் வீட்டுக்காரர்'. சம்பந்தம் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது ரேஷன் கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். அதில் எனக்கு வருத்தமில்லை. அவள் மைக் பிடித்தால் எனக்கே கைதட்டத் தோன்றும்.

எங்கள் தெருவுக்கும் பக்கத்து வார்டுக்கும் நடுவே ஒரு கால்வாய். மழை வந்தால் அது பொங்கி, தறிக்குக் கீழே நாங்கள் கால் வைக்கிற குழியில் சாக்கடை நிற்கும். குழி காய்கிறவரை தறி ஓடாது. பக்கத்து வார்டிலும் இதே பேஜார்தான். ஆனால் அந்த வார்டு கவுன்சிலர் ஜெயச்சந்திரன் ஆளுங்கட்சி, இவள் எதிர்க்கட்சி. வேட்டிக் கரை வேறு என்றால் எங்கள் ஊரில் எதிரே பார்த்தாலும் கும்பிடு கிடையாது. சாவு வீட்டில்கூட ஒருவர் கிளம்பிய பிறகுதான் மற்றவர் மாலையோடு வருவார்.

2003 ஐப்பசி மழையில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று, வீட்டுத் தண்ணீரை வாளியால் இறைத்துக் கால்வாயில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெயச்சந்திரன் சட்டென்று வாளியைக் கீழே வைத்தார்.

"அக்கா, நீ ஊத்தறது என் வூட்டுக்கு வருது. நான் ஊத்தறது உன் வூட்டுக்கு வருது. இன்னாத்துக்கு இந்தப் பொழப்பு?"

இவள் சிரித்துவிட்டாள். சிரித்ததுதான் வினை.

கால்வாயை ஆழமாக வெட்டி மூடி போட அவர் நகராட்சிக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்க்கட்சி வார்டுக்கும் பயன் போகிறதே என்று அவர் கட்சியிலேயே பாதிப் பேருக்கு அதில் விருப்பமில்லை. எங்கள் கட்சிக்காரர்களோ வழக்கம்போல வெளிநடப்பு செய்தார்கள். அது அவர்களுக்கு டீ குடிக்கிற நேரம். இவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கை தூக்கினாள். ஒரே ஓட்டில் தீர்மானம் நிறைவேறியது.

கால்வாய் வந்தது. கூடவே ஏச்சும் வந்தது. ஜெயச்சந்திரன் முகம் இருந்த சுவரொட்டியில் அவர் கட்சிக்காரர்களே சாணி அடித்தார்கள். இவளைப் பற்றிப் பேப்பரில் வந்தது: 'அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உள்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுகிறார். கட்சியினர் யாரும் அவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது.'

அதைத் தெருமுனையில் உரக்கப் படித்தவன் எதிர்வீட்டு ராமதாஸ். எங்கள் கட்சியின் வட்டச் செயலாளர். தாயில்லாப் பிள்ளையாக எங்கள் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் சைக்கிளைத் தூக்கிக் கால்வாயில் போடலாமா என்று யோசித்தேன். மூடி போட்டுவிட்டார்களே!

"கட்சி போவட்டுங்க," என்றாள் இவள். "ராமதாஸ் மூஞ்சியத் திருப்பிகினு போறானே, அத்த என்னால தாங்க முடியலீங்க."

அடுத்த வாரம் எங்கள் பாவு. நெய்யப்போகிற பட்டு இழைகளைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, வெயில் ஏறுவதற்குள் காயவைக்க வேண்டும். யார் வீட்டுப் பாவானாலும் தெருவே இறங்கிக் கைகொடுக்கும். கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. பங்காளிச் சண்டையில் இருப்பவன்கூடப் பேசாமல் வந்து பிடித்துவிட்டுப் பேசாமல் போவான். அன்று கதவுகள் திறந்துதான் இருந்தன, யாரும் படியிறங்கவில்லை. நானும் இவளும் பாவின் ஆளுக்கொரு முனையில் நின்றோம். ஈரப் பட்டு நடுவே தொய்ந்தது. இவள் பார்வை எதிர்வீட்டை விட்டு நகரவில்லை.

கால்வாயைத் தாண்டி ஜெயச்சந்திரன் வந்தார். கட்சிக் கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் தாங்கினார். அவர் கட்சி ஆட்கள் இருவர் பின்னாலேயே ஓடிவந்து கூப்பிட்டார்கள்.

"கைய வுட்டா இழை ஒட்டிக்கும். போய் உங்க தலைவர்கிட்ட சொல்லுங்க," என்றார் அவர், திரும்பாமலே.

ஆனாலும் மூன்று பேர் போதாது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இத்தனை காலம் இந்தத் தெருவுக்காக அலைந்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது ராமதாஸ் வந்தான். யாரையும் பார்க்காமல் பாவுக்குள் கைவிட்டுத் தூக்கிப் பிடித்தான்.

"இன்னாடா, தொடர்பு கூடாதே?" என்றேன் நான். விடுவேனா?

"அக்காவோடதான் கூடாதுன்னு போட்டிருக்கு மாமா. பாவைப் பத்தி ஒண்ணும் போடல."

அவன் வந்ததும் தெரு இறங்கியது. அவனோ பாவு காய்கிறவரை சட்டத்தை மீறவில்லை. "மாமா, அந்தப் பக்கம் இழை அறுந்துகீதுன்னு அவங்களாண்ட சொல்லுங்க," என்பான். "பார்த்துட்டேன்னு அவனாண்ட சொல்லுங்க," என்பாள் இவள். பத்தடி தூரத்தில் நிற்கும் இருவருக்கும் நடுவே நான் தபால்காரனாக நின்றேன்.

பாவு காய்ந்தது. சுருட்டி எடுத்தோம். ராமதாஸ் வியர்வையைத் துடைத்தபடி, பழைய பழக்கத்தில், நேராக எங்கள் வாசலுக்கு வந்தான்.

"அக்கா, தாகமா கீது. தண்ணி குடு."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். இவள் உள்ளே ஓடிச் சொம்பு நிறையக் கொண்டுவந்தாள். கண்ணீரில் வழி தெரியாமல் பாதித் தண்ணீரை என் காலில் ஊற்றிவிட்டுத்தான் மீதியை அவனிடம் கொடுத்தாள்.