நீரஜா ஏன் வாய் திறக்கவில்லை?

“வாட் இஸ் யுவர் நேம்?”

தலைமை ஆசிரியை மறுபடியும் கேட்டார். பிரமிளா மகளின் தோளை இடித்தாள். வடமாலபேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும்போதுகூட பதிலை மூச்சுவிடாமல் ஒப்பித்தவள்தானே இவள்!

திருப்பதியில் ஏற்கெனவே இரண்டு பள்ளிகள் கைவிரித்துவிட்டன. நாலு வயசுப் பாப்பாவுக்கு இங்கிலீஷ் வரவில்லையாம். இந்த மூன்றாவதுதான் கடைசி நம்பிக்கை.

அந்த அவமானத்தில் பிரமிளா வீட்டில் தமிழுக்கே தடை போட்டிருந்தாள். “அம்மா, தோச துன்றேன்” என்றால் தட்டு நகர்ந்துவிடும். இங்கிலீஷில் கேட்டால்தான் தோசை. கணவன் தாமோதரன் கெஞ்சியும் பார்த்தான், பலிக்கவில்லை.

“வீட்ல என்னா பேசுவீங்கம்மா?” தலைமை ஆசிரியை சுமித்ரா தெலுங்குக்காரர். ஊர்ப் பிள்ளைகளிடம் பழகிய தமிழில் கேட்டார்.

“ஒன்லி இங்கிலீஷ், மேடம்!” பொய் சரளமாக வந்தது.

நீரஜா கால்களைப் பின்னிக்கொண்டு நெளிந்தாள். கண்ணில் நீர் முட்டியது.

“ஸிட் ஸ்ட்ரெய்ட்!” பிரமிளா அவள் தொடையில் கிள்ளினாள்.

சுமித்ரா சட்டென்று எழுந்து வந்து குழந்தையின் முன்னால் மண்டியிட்டார். “என்னா வோணும் பாப்பா? தமிழ்லயே சொல்லு.”

குழந்தை அவரைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தது. சொல்லலாமா என்று கேட்கும் பார்வை!

பிரமிளாவுக்குச் சுருக்கென்றது. பெற்ற பிள்ளையின் வாயை அடைத்தது தான்தானா? சீட்டு போனால் போகட்டும்.

“சொல்லு கண்ணு, தமிழ்ல சொல்லு!”

“ஒன்னுக்கு வருதும்மா!”

சுமித்ரா யாரையும் கூப்பிடவில்லை. குழந்தையை அள்ளிக்கொண்டு தானே ஓடினார். திரும்பி வரும்போது நீரஜாவின் வாய் ஓயவில்லை.

“எங்க நைனா வயல்ல மோட்டர் போட்டா தண்ணி பாம்பாட்டம் ஓடும்!”

“அய்யய்யோ, கடிக்குமா?”

“உனுக்கு ஒன்னுமே தெரில மேடம். தண்ணி எங்கனா கடிக்குமா?”

சுமித்ரா விழுந்து விழுந்து சிரித்தார். பிரமிளா தலைகுனிந்தாள். “பொய் சொல்லிட்டேன் மேடம். நாங்க தமிழுதான் பேசிக்கினு இருக்கோம். சீட்டு…”

“நாலு வயசு பாப்பாக்கு இங்க டெஸ்ட் கெடையாதும்மா. பேரு கேட்டது பழகத்தான். இங்கிலீஷ் கத்துக்குடுக்கறது எங்க வேல. எங்க ஸ்கூலு உங்களுக்குப் புடிச்சிதா, அத சொல்லுங்க. வேணும்னா இன்னும் நாலு ஸ்கூலு பாத்துட்டு வாங்க.”

இப்படி ஒரு தலைமை ஆசிரியையா! பிரமிளா நிமிர்ந்தாள்.

“இன்னாத்துக்கு மேடம்? பாடம் எல்லா ஸ்கூல்லயும் சொல்லித் தருவாங்க. ஒன்னுக்கு வருதுன்னு எம்பொண்ணு பயப்படாம சொல்ற எடந்தான் நல்ல ஸ்கூலு. அவ பேர எழுதிக்கோங்க.”