லிஃப்ட்டுப் பாட்டு

ரூபினி அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் சரிந்த மாலையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் மேளம் ஒரு தட்டுத் தட்டி நின்றது. மதியழகன் சித்தப்பா தொண்டையைச் செருமினார். அந்தப் பாட்டைத்தான் எடுக்கப்போகிறார்.

வேறு எதை எடுப்பார்? பீன்யா ஃபேக்டரியில் லேத் ஓட்டிய அப்பா கோதண்டராமனை ஜீவனஹள்ளியில் பாட்டுக்காரர் என்றால்தான் தெரியும். தங்கவயலில் சுரங்கத்தை மூடியபோது அவர் பெங்களூருக்குக் கொண்டுவந்த சொத்து அந்த வாய் ஒன்றுதான். யார் வீட்டுச் சாவானாலும் அவர் கட்டும் நக்கல் பாட்டுக்கு அழுதவர்களே சிரிப்பார்கள். "என்னை மட்டும் அழுது தூக்கினீங்க, எழுந்து உக்காந்துக்குவேன்டா. என் பாட்டைப் பாடி சிரிச்சுத் தூக்கணும்" என்று கூட்டாளிகளிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தார்.

மதியழகன் எடுத்தார்.

"கேட்டுல நின்னா யாரு நீனுன்னான்,
மகளப் பாக்கன்னா ஹோகய்யா சும்னேன்னான்,
லிஃப்ட்டு ரெண்டு மச்சா, ஒண்ணு நாய்க்கு, ஒண்ணு பாலுக்கு,
ஹமனா கோன் பூச்தா, ஏறுடா படியில மேலுக்கு!"

தெருவே கொல்லென்று சிரித்தது. அம்மா சரசுகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்காதது இரண்டே பேர். ஒருத்தி ரூபினி. இன்னொருத்தி, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்திருந்த அவளுடைய கன்னடத்து மாமியார். ரூபினியைப் பார்க்கப் போன அப்பாவை வாட்ச்மேன் 'சும்மா போய்யா' என்று விரட்டியதும், நம்மை யார் கேட்கப்போகிறார்கள் என்று அவர் படியேறியதும்தான் பாட்டு. அதில் வருகிற கேட்டும் லிஃப்ட்டும் ரூபினி வாழப்போன மாமியாரின் அபார்ட்மென்ட்டில் இருப்பவை. எந்த லிஃப்ட்டில் யார் ஏறலாம் என்று போர்டு மாட்டியதே அசோசியேஷன் செகரட்ரியான அந்த அம்மாள்தான்.

"ஏனம்மா அர்த்தா?" மாமியார் காதோரம் கேட்டாள். "லிஃப்ட்டு, நாயின்னெல்லாம் வருதே?"

ரூபினி குரலைத் தாழ்த்தி, கன்னடத்தில், வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "சாமி பாட்டு அத்தே. கேட்டுன்னா சொர்க்க வாசல். லிஃப்ட்டுன்னா நம்மள மேல தூக்கிட்டுப் போற அவன் கருணை."

"நாயி?"

ரூபினி நாய்க்கு ஓர் அர்த்தம் தேடுவதற்குள் மாமியாரே முகம் மலர்ந்து எடுத்துக் கொடுத்தாள். "ஓ, பாண்டவர் தர்மராயன் கூடச் சொர்க்கத்துக்குப் போச்சே, அந்த நாயா?"

"ஹௌது அத்தே. அதுதான்."

"ஆனா ஏன் சிரிக்கிறாங்க?"

"ஆத்மா சந்தோஷமாப் போகணும்னு."

மாமியார் எழுந்துபோய்ப் பெட்டிக்கு முன்னால் கைகூப்பி நின்றாள். வாழ்நாளில் ஒரு கோயில் படி மிதிக்காமல், புத்தர் படத்துக்குக் கீழே படுத்திருந்த மனுஷன் முன்னால் "எவ்வளவு பெரிய பக்தர்!" என்று கண்ணைத் துடைத்தாள். அப்போதுதான் ரூபினிக்கு உறைத்தது. வாசலில் ஒரு சத்தமும் இல்லை.

குரலைத் தாழ்த்தி என்ன பிரயோஜனம்? அந்தத் தெருவில் கன்னடம் தெரியாத ஆள் யார்? அம்மா காலமெல்லாம் கன்னடக்காரர் வீடுகளில் சமைத்தவள். மேளக்காரர்களுக்குத் தமிழை விடக் கன்னடத்தில் வசவு நன்றாக வரும். எல்லாரும் கேட்டிருந்தார்கள். ஒருத்தரும் அவளைப் பார்க்கவில்லை.

பாடை தூக்கினார்கள். வாசலைத் தாண்டும்போது பாட வேண்டும். மதியழகன் மேளக் குச்சியோடு அவளிடம் வந்தார்.

"எந்தப் பாட்டும்மா பாடட்டும்? நீ சொல்லு."

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். அப்பா பாட்டு என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். பக்கத்தில் மாமியார் அவள் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரூபினி தரையைப் பார்த்தாள்.

"அவ அர்த்தம் சொன்ன மாதிரியே பாடு மதி," என்றாள் சரசு. "நாளைக்கு அவ அந்த வூட்லதான இருக்கணும். உங்கண்ணன் ஒண்ணும் நெனச்சுக்காது."

மதியழகன் தலையாட்டினார். மேளம் மெதுவாக, பஜனை மாதிரி விழுந்தது.

"கேட்டைத் திறந்தான் தர்மராசன், லிஃப்ட்டு வந்துச்சு வானத்துக்கு…"

கோதண்டராமன் போனார். தெருமுனை திரும்பும்வரை ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. மாமியார் மட்டும் கண்ணை மூடி, ரூபினியின் கையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.