பூனைக்குக் கொடுத்த பெயர்

ஆரியசாலை அரிசி மண்டிக்கார வீட்டுக்கு மருமகளாக வந்த அன்றைக்கே சொர்ணம்மாளுக்குப் பெயர் போயிற்று. மாமியாருக்கும் அதே பெயர். பெற்ற தாயின் பெயரைச் சொல்லிப் பெண்டாட்டியை எப்படி ஏவுவது? குத்துவிளக்கை ஏற்றிய கையோடு, "இனி இவ செல்லம்மை" என்று மாமியார் சொல்லிவிட்டாள். பிறந்தது முதல் கூடவே வந்த பெயரை மழைக்குடையைப் போல வாசலில் விட்டுவிட்டு வா என்றால் எவளுக்குத்தான் வயிறு எரியாது? வெகுநாள் வரை, "செல்லம்மை" என்று கூப்பிட்டால் அவள் திரும்பவே இல்லை. காது மந்தம் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த மழைக்காலத்தில் மண்டியில் எலி பெருத்துச் சாக்குகளைக் கடித்துக் குதறியது. எங்கிருந்தோ ஒரு வெள்ளைப் பூனை வந்து சேர்ந்தது. அந்த ஊரில் பூனையைப் பூச்சை என்பார்கள்; பெண்பூனை என்றால் சக்கி, ஆண்பூனை என்றால் கண்டன், யாரும் யோசிப்பதில்லை. இவள் யோசித்தாள். மீன்தலையைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள்.

"ஏட்டி சொர்ணம்! சொர்ணம்!"

அடுக்களையிலிருந்து மாமியார் பாய்ந்து வந்தாள். "யாருட்டி என்னப் பேரு சொல்லிக் கூப்பிடுகது?"

"உங்கள இல்ல அத்தே. பூச்சைய."

"என் பேரையா பூச்சைக்கு வச்ச?"

"உங்க பேரு உங்ககிட்டதான இருக்கு? இது என் பேரு. எனக்கு வேண்டாம்னு எடுத்துட்டீங்க. தெருவில கிடக்காண்டாமேன்னு இதுக்குக் குடுத்தேன்."

பூனையைத் துரத்தச் சொன்னாள் மாமியார். மகன் பகவதிப்பெருமாள் ஒப்பவில்லை. எலிக்குப் பதில் சொல்ல வேறு ஆள் இல்லையே. பெண்டாட்டியிடம் வந்து குழைந்தான். "அதுக்குப் பேர மாத்தேன்."

"மாத்துகேன். மொதல்ல என் பேரத் திருப்பித் தரச் சொல்லுங்க உங்க அம்மைகிட்ட."

அவன் கடைப்பக்கம் நழுவினான். அதற்குள் பெயர் தெருவில் ஊறிவிட்டது. மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாருக்கும் அது சொர்ணம்தான். ஒருநாள், கடை நிறைய ஆள் நிற்கும்போது சுமட்டுக்காரத் தாசையன் உள்ளே பார்த்துச் சந்தோஷமாகக் கத்தினான்: "முதலாளி, நம்ம சொர்ணத்துக்கு வயிறு தள்ளியிருக்கு!"

கடையே சிரித்தது. வீட்டுக்குள் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது.

அன்று மத்தியானம் மாமியார் மருமகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "பூச்சைக்கு வேற பேரு வைட்டி. உன் பேர நீயே எடுத்துக்க."

"உங்க மகன் அப்பிடிக் கூப்பிடணும்."

"வாயிருக்குல்லா, கூப்பிடட்டும்."

சாப்பிட உட்கார்ந்த பகவதிப்பெருமாள் தாயைப் பார்த்தான், இலையைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான். "சொர்ணம்... கொஞ்சம் தண்ணி."

அவள் முதல் கூப்பாட்டிலேயே திரும்பினாள். காதில் ஒரு மந்தமும் இல்லை. செம்பை வைத்துவிட்டு, வாசற்படியில் படுத்திருந்த பூனைக்கு மீன்தலையை நீட்டினாள்.

"வாட்டி, செல்லம்மை."

மாமியார் வெடுக்கென்று நிமிர்ந்தாள். "அது நான் உனக்கு வச்ச பேருல்லா?"

"ஆமா அத்தே. நல்ல பேருதான். பூச்சைக்குப் பொருத்தமா இருக்கு."